ஏழாவது சஹன்

எதையும் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். ராத்தாவின், அதாவது என் அக்காவின், மகள் கலியாணப் பக்கத்தில் மட்டும் தேதிக்குக் கீழே ஒன்றும் இல்லை. (வெட்கம்தான் காரணம்.)

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மதுரங்குளியில் மூன்று மாத பைத்தன் கம்பியூட்டர் வகுப்பில் ஒரு மாதம் முடித்திருந்தேன். அது போதுமென்று நினைத்தேன். எங்கள் விருந்தில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றியிருந்து அந்த ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். யாருக்கு எந்தச் சஹன் என்ற பட்டியலை நானே கேட்டு வாங்கினேன்.

"சலீம் மாமாவையும் காதர் சாச்சாவையும் ஒண்டாப் போட்டுராத தம்பி," என்றார் ராத்தா. "மாமா எழும்பிப் போனா மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால என்ட மானம் போயிடும்."

எத்தாளை ஊரில் சாச்சா வெங்காயப் பாத்திக்கு அடித்த தண்ணீர் வேலி தாண்டி மாமாவின் கருவாட்டை நனைத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

ஒவ்வொரு பெயரையும் இருபது எழுத்து அகலத்துக்கு வெற்றிடத்தால் நிரப்பி, அடுத்து சஹன் இலக்கம். ஒரு வரியில் இரண்டு பேர். ஆங்கிலப் பெயர்களில் சோதித்தபோது அடிமட்டம் வைத்ததுபோல் நின்றது. கடைசி நேரத்தில் தமிழுக்கு மாற்றினேன். எனக்கு 'சலீம்' மூன்று எழுத்து. கம்பியூட்டர் 'லீ'யின் விசிறியையும் 'ம்'மின் புள்ளியையும் தனித்தனியே எண்ணி ஐந்து என்றது. இப்படி ஒவ்வொரு பெயருக்கும் வெற்றிடம் ஒவ்வோர் அளவில் குறைந்து, இலக்கங்கள் வரிசை கலைந்தன. அன்று அது புரியாமல் நான் பிரிண்டரைத் திட்டிவிட்டு மண்டப வாசலில் ஒட்டினேன்.

சாச்சாவும் மாமாவும் ஒரே வரியில் இருந்தார்கள். சாச்சா தன் பெயருக்குப் பின்னால் நின்ற 7ஐ எடுத்தார். மாமா தன் பெயருக்கு முன்னால் ஒட்டி நின்ற அதே 7ஐ எடுத்தார். அவருடைய 12 தாளின் ஓரத்தில் அநாதையாக நின்றது.

ஏழாவது சஹனில் இருவருக்கும் நடுவே மாப்பிள்ளையின் வாப்பா. எழும்ப வழியில்லை. ராத்தா கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார்.

சாச்சா சோற்றைப் பார்த்தபடி கேட்டார்: "இந்த நம்பர யாரு போட்ட?"

"வேற யாரு? இவன்தான்," என்றார் மாமா, கறி கொண்டுவந்த என்னைக் காட்டி. "கம்பியூட்டர் படிக்கிறானாம்."

"படிச்சும் ஒரு கோடு நேரா வராதா?"

"ஒவ்வொரு பேருக்கும் இருபது இடம் விட்டன் சாச்சா," என்றேன்.

"கேட்டியா காதர்? இருபது இடமாம்."

இறைச்சி முடியும்வரை என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள். கருவாடு பற்றி இன்றுவரை கதைக்கவில்லை.

இப்போது எந்த விருந்துக்கும் பட்டியலை ராத்தாவே அடிமட்டத்தால் கோடு போட்டு எழுதுகிறார். அவர்கள் இருவரும் கேட்டு வாங்கி ஒரே சஹனில் இருக்கிறார்கள். நான் உட்காரப் போனால் மாமா சொல்வார்:

"காதர், தள்ளி இரி. தம்பிக்கு இருபது இடம் விடணும்."