நேர்மை குறித்து ஒரு பொது உரை

பேச வேண்டிய வெளியூர்ப் பேராசிரியருக்குக் காய்ச்சல், வர முடியாது என்ற செய்தி, உரை தொடங்க வேண்டிய நேரத்தில்தான் வந்தது.

பல்கலைக்கழக அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில், "யாரும் பார்க்காதபோது நாம் யார்?" என்று பெரிய பேனர். அந்த வாரம்தான் பொறுப்பேற்ற துணைவேந்தர், காரில் வந்து இறங்கி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ஒருங்கிணைப்பாளன் அந்தச் செய்தியை யாரிடமும் காட்டவில்லை. அவன் வேலை தற்காலிகமானது. இந்த அறவியல் தொடர் சொதப்பினால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பதிவாளர் நாசூக்காகச் சொல்லியிருந்தார்.

யோசித்துப் பார்த்தான். உரை முழுதும் அச்சடித்துக் கையில் இருக்கிறது. பேராசிரியர் முகத்தை இங்கே யாரும் பார்த்ததில்லை. ஆக, குறைவது ஒரு ஆள்தான். அவனை இறக்கிவிட வந்து, ஓசி டீக்காக நின்றுகொண்டிருந்த அக்கா கணவர் கண்ணில் பட்டார். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். கோட் போட்டால் எடுப்பாக இருப்பார்.

"அத்தான், சும்மா படிச்சா போதும்."

"நேர்மையப் பத்தித்தானே மாப்ள? கோட்டைக் குடு."

அத்தான் இரண்டு பக்கம் ஒழுங்காகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் 'கடப்பாட்டியல்' என்று ஒரு தத்துவச் சொல் வந்தது. இரண்டு தடவை முட்டிப் பார்த்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிகிறது, ரோட்டில் ஈ காக்கா இல்லை, போலீஸும் இல்லை, என்ன செய்வீர்கள் என்று சபையைக் கேட்டார். ஒருவர் எழுந்து, நிற்பேன் என்றார்.

"பொய்," என்றார் அத்தான்.

அரங்கம் சிரித்து அடங்கவே நேரமாயிற்று. அதன்பிறகு அவர் தாளை எடுக்கவே இல்லை.

உரை பிரமாதமாக அமைந்துவிட்டது. அதுதான் வினை. வாழ்த்திப் பேச அழைத்தபோது, "நான் வந்துட்டுப் போனேன்னு இருந்தா போதும்பா" என்று கூச்சப்பட்ட துணைவேந்தர், மைக்கைப் பிடித்ததும் மாறிப்போனார். இந்தப் பேராசிரியரே இனி மாதாமாதம் வர வேண்டும் என்றார். ஏற்பாடு செய்த தம்பியின் வேலை நாளை முதல் நிரந்தரம் என்றார். கைதட்டல்.

அடுத்தது பயிலரங்கம். பக்கத்தில் இருப்பவரிடம் இன்று சொன்ன ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். துணைவேந்தருக்குப் பக்கத்தில் உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அத்தானுக்கோ மேடை பிடித்துப்போயிருந்தது.

"மாப்ள... ஒருங்கிணைப்பாளரே, நீங்க அங்க உக்காருங்க."

உட்கார்ந்தான். பஸ் லேட் என்பதுபோல் ஏதாவது ஒரு சின்னப் பொய்யைச் சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தான். ஆனால் வேலை நிரந்தரமாகிவிட்டால், ஓய்வு பெறும்வரை மாதாமாதம் அத்தானைக் கோட்டுக்குள் திணித்துக் கூட்டிவர வேண்டும். அதற்கு வேலை போவதே மேல் என்று தோன்றியது.

"சார், பேசினவர் பேராசிரியர் இல்ல. எங்க அக்கா வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கார்."

முதல் வரிசைக்காரர் மேடையில் நின்ற அத்தானை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவன் மனதுக்குள் மேஜையைக் காலி செய்யத் தொடங்கினான். அவரோ சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

"இப்ப என் முறை. வேலை நிரந்தரம்னு சொன்னேன்ல, அதை மறந்துருங்க தம்பி. மாப்பிள்ளைக்கு முதுகுவலி. நான் துணைவேந்தரோட மாமனார்."