சீர்க் கூடையில் குறைந்த நான்கு நண்டுகள்

பழவேற்காடு ஏரிக்கரை,
பங்குனி 3, செவ்வாய்

மதிப்புமிகு சம்பந்தி சின்னதம்பி அவர்களுக்கு, மணப்பெண் அர்ச்சனாவின் தகப்பன் வேதாசலம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும், வீட்டுக்காரி காசியம்மாளும், அர்ச்சனாவும் சுகம். அங்கே தங்கள் துணைவியார், மாப்பிள்ளை பூவரசன், தங்கள் ரத்தக் கொதிப்பு ஆகியவற்றின் நலம் அறிய ஆவலாக இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நீங்கள் படகில் வந்தபோது, எங்கள் படகுத்துறையில் உங்கள் சீர்க் கூடையிலிருந்து பத்து நண்டில் நான்கை வரியாக எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் படகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டீர்கள். "மன்னிப்பு வராம கல்யாணம் கெடயாது" என்று ஆள் விட்டுச் சொன்னீர்கள். அதில் தவறே இல்லை. ஆனால் குற்றம் என்னுடையது அல்ல. எங்கள் குப்பத்துத் தலைவர் பூபதியுடையது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அமெரிக்க அதிபருடையது. இதைக் கேட்டு உங்களுக்குக் கொதிப்பு இன்னும் ஏறும் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

தலைவருக்குக் கண்ணில் புரை. தினமும் காலையில் வலைக்கூடத்தில் செய்தித்தாளை உரக்கப் படிப்பது என் வேலை. பாடு முறையை நோட்டில் எழுதுகிறவன் நான்தானே. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைக்கிற நமக்கு, அமெரிக்கா எளிதாகப் புரிந்தது. அங்கே ஒரு பாடு நான்கு வருடம். இப்போதைய அதிபருக்கு ஒரு பாடு கிடைத்தது, அடுத்த பாடு வேறொருவருக்குப் போனது, அதற்கடுத்தது மறுபடியும் இவருக்கே விழுந்தது. நம் நாட்டுச் சரக்குக்கு அவர் ஐம்பது சதவிகிதம் வரி போட்ட செய்தி வந்ததும், இறால் வியாபாரி ஐஸ் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் விலையைக் குறைத்தார். தலைவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். மரியாதைதான் வந்தது. "அங்க ஒரு கையெழுத்து போட்டாரு, இங்க எறா வெல உழுந்துச்சி. இன்னா பவரு பாத்தியா வேதாசலம்," என்றார்.

மறுநாளே ஆரம்பித்தது. அதிபர் பதவியேற்ற அன்றே இருபத்தாறு உத்தரவு போட்டார் என்று படித்தேன். தலைவர் பதினொன்று போட்டார். மீன் பெட்டியில் பேர் எழுதுகிற தடி மார்க்கரால் கையெழுத்துப் போட்டு, கூட்டத்துக்கு எதிரே தாளைத் தூக்கிக் காட்டினார். கண்ணில் புரை அல்லவா, தாள் தலைகீழாக இருந்தது. அதிபர் ஒரு வளைகுடாவின் பெயரை மாற்றினார், இவர் பெரிய ஓடையைப் பூபதி ஓடை என்று மாற்றினார். இன்றுவரை அப்படிச் சொல்கிறவர் தலைவர் ஒருவர்தான், அவரும் இரண்டு தடவை மறந்துவிட்டார். அதிபர் பனி மூடிய ஒரு பெரிய தீவு வேண்டும் என்றார், இவர் நம் இரண்டு குப்பமும் மாற்றி மாற்றி நண்டு பிடிக்கிற மணல்திட்டு முழுவதும் வேண்டும் என்றார். அங்கே சிக்கனம் என்று ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள், இங்கே இருந்த ஒரே காவல்காரர் மூர்த்தியை அனுப்பினோம். மறுநாள் விடியற்காலையில் கூட்டிவந்தோம், வலைக்கூடத்துச் சாவி அவரிடம் இருந்தது. அதிபர் தான் பல போர்களை நிறுத்தியதாகச் சொல்கிறார். தலைவரும் சூசையம்மாளுக்கும் ஜாக்குலினுக்கும் நடந்த குழாயடிச் சண்டையைத் தானே நிறுத்தியதாக அறிவித்தார். "இவுரு எங்க நிறுத்துனாரு? தண்ணி நின்னுச்சி, நாங்க ஊட்டுக்குப் போயிட்டோம்," என்கிறார் சூசையம்மாள்.

கடைசியில் வரி. உங்கள் குப்பத்துப் படகு எங்கள் துறையில் ஒதுங்கினால் பத்துக்கு இரண்டு நண்டு. பதிலுக்கு நீங்கள் உங்கள் ரோடு வழியாக வருகிற ஐஸ் வண்டியை நிறுத்தி இரண்டு பார் ஐஸ் இறக்கிக்கொண்டீர்கள். மீதியும் வெயிலில் நின்ற நேரத்தில் கரைந்து எங்களுக்குத் தண்ணீராக வந்தது. நாங்கள் நான்காக ஏற்றினோம். நண்டு வரியை உங்கள் ஆட்கள்தான் கொடுப்பார்கள் என்று எல்லாரும் நம்பினோம். உங்கள் ஆட்களோ போன நான்கு நண்டின் விலையை மிச்ச ஆறின்மேல் ஏற்றி, எங்கள் வீட்டுப் பெண்களிடமே விற்றார்கள். அவர்கள் அதை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை. காசியம்மாள் மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. ஏன் என்னிடம் என்பதுதான் விளங்கவில்லை.

இந்த நிலைமையில்தான் உங்கள் சீர் வந்தது. மூர்த்தி கூடையைத் திறந்தார். "யோவ், இது பொண்ணு ஊட்டுக்குப் போற சீருய்யா," என்றீர்கள். "நண்டு நண்டுதான் பெரியவரே. நெத்தியில பொட்டு வெச்சினு வந்திருந்தா வுட்டிருப்பேன்," என்றார் மூர்த்தி. "உன் தலைவரு இன்னா வெள்ளை மாளிகையிலயா குந்தினு கீறாரு?" என்று கேட்டுவிட்டு நீங்கள் திரும்பினீர்கள். பட்டுப்புடவையில் நின்ற அர்ச்சனா என்னைப் பார்த்து, "நைனா, நீ ஏன் நோட்ட முதுகுக்குப் பின்னால மறைக்கற?" என்றாள். பதற்றத்தில் பிள்ளை எதையோ கேட்டது, அவ்வளவுதான்.

அந்த நான்கு நண்டும் எங்கே போயின என்று இதுவரை தெரியவில்லை. தீவிரமாக விசாரித்து வருகிறேன். தலைவருடைய பிடிவாதத்துக்காகப் பிள்ளைகளின் வாழ்க்கை கெட வேண்டாம். என்னைப் போன்ற ஒன்றுமறியாதவனைத் தண்டிக்க வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம், பெரிய மனது செய்து வாருங்கள். பெரியவர்களுக்கு வணக்கமும் மாப்பிள்ளைக்கு ஆசியும் சொல்லவும். உங்கள் வீட்டுப் படகு எப்போதும் கனமாகக் கரை சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
வேதாசலம்

பின்குறிப்பு: அண்ணா, நான் காசியம்மாள் எழுதறேன். தபால்ல போடச் சொல்லி இத என் கையில குடுத்தாரு, படிச்சிட்டேன். தலைவருக்குக் கையெழுத்து ஒண்ணுதான் வரும். அந்தப் பதினோரு உத்தரவும் இவரு எழுத்து. பேப்பர்ல ஒரு வரி படிப்பாரு, "நாமளும் இப்பிடிப் போட்டா இன்னா தலைவரே"ன்னு நாலு வரி சொந்தமா சேப்பாரு. ஞாயித்துக்கெழம தலைவரு, "சீர்க் கூடைய வுட்ருலாமா"ன்னுதான் கேட்டாரு. "ஒருத்தருக்கு வுட்டா எல்லாரும் கேப்பாங்க"ன்னு நோட்டப் பிரிச்சது இவரு. நேத்து மார்க்கெட்ல உங்க பொம்பளைங்களும் எங்க பொம்பளைங்களும் குந்திப் பேசி முடிச்சிட்டோம். நண்டுக்கும் வரி இல்ல, ஐஸுக்கும் வரி இல்ல, திட்டு பழையபடி மாத்தி மாத்தி. தலைவரும் அதுல கையெழுத்துப் போட்டுட்டாரு, நான் படிச்சுக் காட்டுனேன். அந்த நாலு நண்டு எங்க ஊட்டுக் கொழம்புலதான் கொதிச்சுது, ரெண்டு இவரே சாப்ட்டாரு. வெள்ளிக்கெழம பத்து நண்டோட வாங்க. துறையில நான் நிக்கறேன். இவரு வாழை எலை கழுவினு இருப்பாரு.