கவிப்பிரியாவின் நாடகமும் என் மைக்கும்

பெருமாநல்லூர்,
12.2.2006

அன்பு மாப்பிள்ளை வேலுமணிக்கு, பொன்னுச்சாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சுகம். என் மானம் மட்டும் சுகமில்லை. குண்டடத்தில் மாடு கன்றுகள் நலமா என்று எழுதவும்.

நம் கவிப்பிரியாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது, ஆனாலும் அவளை எதிர்த்து ஜெயித்தவர் நம் வீட்டில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய பனியன் கம்பெனி ஆண்டு விழாவில் இந்த முறை ஊனமுற்றோருக்கும் இடம் உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். என்ன இடம் என்று விசாரித்தால், தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் காது கேளாத நான்கு பெண்களும் மேடையேறி, சால்வை வாங்கி, கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டுமாம். இவளோ, "சால்வை வேண்டாம், நாடகம் போடப் பத்து நிமிடம் வேண்டும்" என்று மேனேஜரிடம் எழுதிக் காட்டிவிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்க, பேச்சில்லாத நாடகம் சனத்துக்கு எப்படிங்க புரியும்?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் மைக்குல சொல்லிப்போடறனுங்க. எம் புள்ள பாஷை எனக்குத் தெரியாதுங்களா?" என்றேன்.

மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்தது சோறு, தண்ணீர், கரண்ட் போச்சு, அவ்வளவுதான். மேடையில் அவர்கள் கைகள் பறந்த வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "பசிக்கு உணவிடும் முதலாளி வாழ்க" என்றேன். கவிப்பிரியா விறைப்பாக நின்று, வாட்சைப் பார்த்துப் பார்த்துக் கதவைத் தட்டினாள். "விருந்தாளியை வரவேற்கிறார்கள்" என்றேன். அது, சூப்பர்வைசர் கக்கூஸ் வாசலில் நின்று பெண்களுக்கு நேரம் பார்ப்பதாம்! கூட்டத்தில் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, என்னைத் தவிர. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த முத்துப்பேச்சி என்ற டெய்லரம்மா எழுந்து, "அண்ணாச்சி, மைக்கைக் கீழ வைங்க! அந்தப் பிள்ளைக பேசுதது எங்களுக்கு நல்லாவே கேக்கு!" என்று கத்தினாள். கவிப்பிரியா விறுவிறுவென்று வந்து, மைக்கைப் பிடுங்கி அணைத்துவிட்டு, மிச்ச நாடகத்தை நடத்தினாள். முதலாளி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். மறுநாள் முதல் கக்கூஸ் வாசலில் யாரும் நிற்பதில்லை.

என் மகளைப் பார்த்துப் பாவம் என்று சொன்ன சனத்தைத்தான் கண்டிருக்கிறேன். அவள் சிரிக்கவைத்த சனத்தை அன்றுதான் கண்டேன். இருந்தாலும், பெற்றவனிடம் மேடையில் வைத்து மைக் பிடுங்கியவளோடு இனி எந்த நாடகத்துக்கும் போகமாட்டேன். தாய்மாமன் நீங்கள் உடனே வந்து கண்டித்து வைக்கவும். குழந்தைகளுக்கு என் ஆசி. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
பொன்னுச்சாமி

பி.கு.: கண்டிக்க வரவேண்டாம், பார்க்க வாருங்கள். வரும் ஞாயிறு திருமுருகன்பூண்டியில் அதே நாடகம். சூப்பர்வைசர் வேஷம் எனக்கு. கை சரியாக வரவில்லை என்று தினமும் திட்டுகிறாள். அவள் திட்டுவது மட்டும் ஒரு சொல் விடாமல் புரிகிறது, மாப்பிள்ளை.