ஆறடி இடைவெளியும் அறுபத்தோராவது பிள்ளையும்

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டவர்களுக்கெல்லாம் உலகம் சிலை வைத்தது. ஒரு பெஞ்சுக்கும் அடுத்த பெஞ்சுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்த தலைமையாசிரியர் சுந்தர்சிங்குக்குத் தூத்துக்குடியின் ஒரு முச்சந்தியில்கூட சிலை இல்லை. நன்றி கெட்ட உலகம்! சிலை இருந்திருந்தால் நானே சுத்தியலோடு போய் உடைத்திருப்பேன் என்று இப்போது சுந்தர்சிங்கே சொல்கிறார். அது அவருடைய தன்னடக்கம் என்று ஊரில் பேச்சு.

இரண்டாயிரத்து இருபத்தொன்று. ஒன்றரை வருடம் பூட்டிக்கிடந்த பள்ளிகளைச் செப்டம்பரில் திறக்கப்போகிறார்கள். கடற்கரையோரத்து உயர்நிலைப் பள்ளிக்கும் சுற்றறிக்கை வந்தது. சுந்தர்சிங் நாசரேத்துக்காரர், கணக்கு வாத்தியார். கோயிலில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரலில், எழுந்து நின்று, சுற்றறிக்கையை மூன்று முறை வாசித்தார். 'ஒரு மாணவருக்கும் மற்றொரு மாணவருக்கும் இடையே ஆறடிக்குக் குறையாத இடைவெளி இருத்தல் வேண்டும். அதற்கேற்ப அறைக்கு எத்தனை பேர் என்பதைத் தலைமையாசிரியரே முடிவு செய்துகொள்க.' 'தலைமையாசிரியரே' என்ற இடத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருடச் சேவையில் அவர் எதையாவது முடிவு செய்யலாம் என்று மேலிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அளக்க டேப் வேண்டும். பள்ளி டேப்பை ஊரடங்கில் எலி தின்றுவிட்டது. அப்போது கைகொடுத்தவர், கொடுத்தவர் என்ன, கையையே விரித்தவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பாஸ்கல். வள்ளம் வைத்திருப்பவர்.

"ஆறடிதான சார்? ஒரு பாகம். கடல்ல ஆழம் பாக்க, கயிறு அளக்க, எல்லாத்துக்கும் இதான் எங்க டேப்பு" என்று இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார். இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். பாஸ்கல் நல்ல ஓங்குதாங்கான ஆள். அவர் சிலுவைபோலக் கையை விரித்தபடி அறை முழுக்க நகர்ந்துபோக, சுந்தர்சிங் பின்னாலேயே போய்ச் சாக்பீஸில் வட்டம் போட்டார். பத்தாம் வகுப்புக்கு மூன்று அறை, அறைக்கு இருபது வட்டம். சாக்பீஸ் அழிந்துவிடுமே என்று பாஸ்கல் வீட்டிலிருந்து வள்ளத்துக்கு அடித்த பெயிண்டின் மிச்சத்தையும் கொண்டுவந்தார்.

"உப்புத் தண்ணியில பத்து வருசம் கெடந்தாலும் போவாது சார்."

போகவில்லை. இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

பெயிண்ட் காய்ந்த பிறகுதான் சுந்தர்சிங் வருகைப் பதிவேட்டை எடுத்தார். பத்தாம் வகுப்பில் அறுபத்தொரு பேர்.

உடனே 'இடைவெளி உறுதிப்பாட்டுக் குழு' கூட்டப்பட்டது. ஏழு பேர் ஒரே மேசையைச் சுற்றி, ஒரே தட்டிலிருந்து மக்ரூன் எடுத்துத் தின்றபடி, நெருக்கத்தின் ஆபத்தை விவாதித்தார்கள். தமிழாசிரியை பிளாரன்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சார், பாஸ்கல் அண்ணன் கைய விரிச்சா ஆறரை அடிக்குக் குறையாது. கடையில ஒரு டேப்பு வாங்கி அளந்தா இன்னொரு பிள்ளைக்கு எங்கனயாவது இடம் வந்திரும்."

"டீச்சர், 'ஆறடிக்குக் குறையாத'ன்னுதான் போட்டிருக்கு. கூடினா குத்தமா?"

"பிள்ளை குறையுதே சார்?"

"அறுபத்தொண்ண இருபதால வகுத்தா மீதி ஒண்ணு. மீதி வந்தா கணக்கு சரியா இருக்குன்னு அர்த்தம்."

தினம் ஒரு பிள்ளை முறைவைத்து லீவு எடுத்தால் என்ன என்றார் பிளாரன்ஸ். அதற்குத் தனிப் பதிவேடு வேண்டும், பதிவேட்டுக்கு மாதிரிப் படிவம் வரவில்லை. உங்க ரூமு பெருசாத்தான கெடக்கு, அங்கன ஒரு பெஞ்சு போடுவோம் என்றார். அது 'நிர்வாகப் பகுதி'. பாஸ்கலின் கை நீளம் என்பது சுந்தர்சிங்குக்கும் அளக்கும்போதே தெரியும். ஆனால் அறுபது வட்டம் பெயிண்டில் அவ்வளவு லட்சணமாக வந்திருந்தது. அழித்துப் போட மனசு வருமா? வட்டம் அறுபதுதான் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பிளாரன்ஸ் கையை உயர்த்தவில்லை. மக்ரூன் எடுக்க நீண்ட ஒரு கையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

மீதி யார்? பதிவேட்டில் கடைசிப் பெயர் ஜெஸ்லின். மறுநாள் காலையிலேயே அவளுடைய அம்மா அமலோற்பவம் வந்து நின்றாள்.

"என்ன சார், எம்மவள மட்டும் வராண்டாம்னு சொல்லுதியளாமே?"

"யாரும்மா சொன்னது? 'காத்திருப்போர் பட்டியல்'ல முதல் இடமே ஜெஸ்லினுக்குத்தான்."

"அதுல எத்தன பேரு?"

"ஒரு ஆள்."

"அப்ப கடைசி இடமும் அவதான சார்?"

கணக்கு வாத்தியார் பட்டியலை எடுத்து இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தார்.

"வீட்டுல நல்ல போனு இல்ல. அடுத்த வீட்டுப் பிள்ள நோட்ட வாங்கி ஒன்றர வருசமா எழுதி எழுதிப் படிச்சா. இறால் ஷெட்டு மேஸ்திரி அன்னாடம் வாசல்ல வந்து நிக்காரு, பிள்ளைய வேலைக்கு அனுப்புங்கன்னு. பள்ளிக்கூடம் தொறக்கட்டும், தொறக்கட்டும்னு சொல்லித்தான் அவர அனுப்பிக்கிட்டு இருக்கேன். இனி என்னத்தச் சொல்லி அனுப்ப?"

சுந்தர்சிங்கின் மனசு இளகிவிட்டது. அவர் ஒன்றும் கல்நெஞ்சர் இல்லை. சுற்றறிக்கையை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் பச்சை மையால் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

"மேஸ்திரி வந்தா இதைக் காட்டுங்கம்மா."

அவள் தாளையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

பள்ளி திறந்தது. முதல் வாரமே ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். வட்டங்களைப் பார்த்து அசந்துபோனார். "என்ன ஒரு இடைவெளி! சில இடத்துல பன்னிரண்டு அடி, பதினெட்டு அடிகூட இருக்கே! எப்படி சார் சாதிச்சீங்க?" என்றார். சுந்தர்சிங்கை அருகில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். 'முன்மாதிரிப் பள்ளி' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

எப்படிச் சாதித்தார் என்பது சுந்தர்சிங்குக்கு ஜீப் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. அறுபது வட்டத்தில் பதினேழு காலி. பிள்ளைகள் வரவே இல்லை. ஐந்து நாளாக அந்தப் பதினேழு பெயருக்கும் நேரே தன் கையாலேயே 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஏன் வரவில்லை என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை, அதனால் அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அட மடையா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஜெஸ்லினுக்கு இடம் இருக்கிறதே! ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அமலோற்பவத்தின் வீட்டுக்கு விரட்டினார்.

"ஷெட்டுக்குப் போயிட்டா சார்" என்றாள் அமலோற்பவம். "மேஸ்திரிட்ட நீங்க தந்த தாளக் காட்டுனேன். நல்லா வாசிச்சுப் பாத்தாரு. பச்ச மையில கையெழுத்தெல்லாம் இருக்கே, அப்ப நாளையிலருந்து அனுப்புங்கன்னுட்டாரு."

ஷெட் பக்கத்தில்தான். வாட்ச்மேன் அவர் நெற்றிக்கு நேராக ஒரு கருவியை நீட்டிச் சூடு பார்த்து உள்ளே விட்டார். நீளமான மேசை. இரண்டு பக்கமும் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஐஸில் கிடந்த இறாலை எடுத்து உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறடிக்கு ஐந்து பேர். பழக்கதோஷம், எண்ணிவிட்டார். எண்ணிக்கொண்டே போனவர் பாதியில் நின்றார். பொன்செல்வி. ஏஞ்சலின். இன்னும் நாலு முகம். காலையில் அவர் 'வரவில்லை' போட்ட பெயர்கள், வரிசை மாறாமல் உட்கார்ந்திருந்தன. கடைசியில் ஜெஸ்லின். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

ஈரத் தரையில் வழுக்கியபடி அவளிடம் போனார்.

"ஏளா ஜெஸ்லின், கிளம்பு தாயி. இடம் இருக்கு, நாளைக்கே வந்திரு. எல்லாரும் வாங்களா."

ஏழு பிள்ளைகளும் தலையைத் தூக்கினார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"மூணு மாசத்துக்குன்னு சொல்லிச் சேத்திருக்காவ சார்" என்றாள் ஜெஸ்லின். கோபமே இல்லை அவளிடம். கோபமாவது பட்டிருக்கலாம். ஈரத் தரையில் நிற்கவும் முடியாமல் போகவும் முடியாமல் தவிக்கும் தலைமையாசிரியரைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெண்களைத் தோளால் லேசாக இடித்தாள்.

"அக்கா, எல்லாரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. ஒரு ஆளுதான, சாருக்கும் இடம் வந்திரும்."