வெயிலோடு மல்லுக்கு நின்ற ஓவர்சியர்

சூரியனோடு நேருக்கு நேர் மல்லுக்கு நின்று, அதில் பாதியாவது ஜெயித்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் தக்கலையில் குடியிருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அவர் ‘ஈரச்சாக்கு ஓவர்சியர்’. மராமத்து வேலையில் பாலமும் மதகும் கட்டி ஓய்வு பெற்றவர். மாசி பிறந்துவிட்டால் ஒரு கோணிச்சாக்கைக் கிணற்று நீரில் முக்கி, முக்காடு போட்டுக்கொண்டுதான் சந்தைக்குப் போவார். சொட்டிய ஈரத்தைப் பின்தொடர்ந்து போனால் ஆளைப் பிடித்துவிடலாம். காய்ந்துபோன ஈரமென்றால் ஆள் திரும்பிவிட்டார் என்று அர்த்தம்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகிக் கிடந்த காலம் அது. அவர் வீட்டு முன்முறியில் நான் வாடகைக்கு இருந்தேன். முறி என்றால் எங்கள் பக்கத்தில் அறை. பகலில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. மற்ற நேரமெல்லாம் மேகம் பார்க்கிற வேலை. பங்குனியில் அந்த இரண்டாவது வேலையும் கிடையாது. தக்கலை வெயில் நடக்கிற வெயில் அல்ல, உட்காருகிற வெயில். ஓட்டின்மேல் உட்காரும், கிணற்றுக் கப்பியில் உட்காரும், நாம் உட்காரப் போகிற நாற்காலியில் நமக்கு முந்திப் போய் உட்காரும். வேளிமலைக் காற்று தெருமுனை வரை வந்து, எதையோ மறந்து வைத்துவிட்டதுபோலத் திரும்பிப் போய்விடும்.

தெருவுக்குக் கரண்டு வந்திருந்தது. ஓவர்சியர் ஒரே ஒரு பல்பு போட அனுமதித்தார். அதையும் மழைக்காலத்தில்தான் எரிய விடுவார். பல்பு வெக்கை தருமாம். மின்விசிறி என்ற சொல்லை அவர் வீட்டில் உச்சரிக்கக் கூடாது.

“ஃபேன் என்ன செய்யும் சாரே? முறிக்குள்ள கெடக்க வெக்கையைப் போட்டுக் கலக்கும். கலக்கினா கஞ்சி பாயசமாயிருமா? இதுக்கு மாசாமாசம் கரண்டுக்காரனுக்குக் கப்பம் வேற கெட்டணும். ஒத்தைச் சக்கரக் காசு செலவில்லாம இந்த வீட்டை நான் மலைப்பங்களா ஆக்கிக் காட்டுதேன், பாத்துக்கிடும்.”

மலைப்பங்களாவுக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. விடிவதற்குள் சமையல் முடிந்து அடுப்பில் தண்ணீர் தெளித்தாக வேண்டும். சன்னல்களில் இராமச்சம் என்கிற வெட்டிவேரில் பின்னிய தட்டி; அதை நனைப்பது வாடகைக்காரன் வேலை. மனிதன் என்பவன் கைகால் முளைத்த அடுப்பு என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆகவே பகலில் விருந்தாளி வந்தால் ஒருவர் வெளியே போன பிறகுதான் அடுத்தவர் உள்ளே வரலாம். கல்யாணம் சொல்ல வந்த தம்பதியில் கணவன் உள்ளே போய் ‘கல்யாணம்’ என்று சொல்ல, மனைவி பிறகு போய் ‘வைகாசியில்’ என்று சொல்லிவிட்டு வந்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், வீட்டுக்குள் யாரும் கோபப்படக் கூடாது. கோபம் உடம்பைச் சூடாக்கும், உடம்பு முறியைச் சூடாக்கும். அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். உழவர் வீட்டில் பிறந்து, மூச்சுக்கு மூச்சு ஏச வேண்டிய காரணங்களோடு வாழ்ந்தவள். ஏச்சு முட்டிக்கொண்டு வந்தால் எழுந்து கிணற்றடிக்குப் போய், தென்னை மரத்தைப் பார்த்து ஏசிவிட்டு வருவாள். அந்தத் தென்னை காய்க்கவே இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த மலைப்பங்களாவுக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு சோதனை வந்தது.

ஓவர்சியருக்கு ஒரே மகள், பகவதி. நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம், சித்திரையில். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சம்பந்தி வீட்டில் புதிதாக ஃபேன் மாட்டியிருந்தார்கள். சம்பந்தி ஓர் ஆளிடம் சொல்லி அனுப்பினார்: “வெள்ளிக்கிழமை உச்சிக்கு நான் வாறேன். அந்த வீட்டில ஒரு நாழிகை இருப்பேன். என் தோளில கெடக்க துவர்த்து வேர்வையில நனையாம இருந்தா மருமகளை அனுப்புதேன். நனைஞ்சா பிரசவம் எங்க வீட்டில, எங்க ஃபேனுக்குக் கீழ.”

அத்தை தென்னை மரத்திடம் போகவில்லை. நேராக ஓவர்சியர் முன்னாலேயே வந்து நின்றாள்.

“இஞ்சேருங்க. ஒரு ஃபேனை வாங்கி மாட்டுங்க. எம்புள்ள எனக்கிட்ட வரணும்.”

“ஏட்டி, வருவா. ஃபேன் இல்லாமலே வருவா.”

“வரலேன்னா நானும் அங்க போயிருவேன். பிறவு நீங்களும் உங்க சாக்கும் இங்க கெடங்க.”

ஓவர்சியர் அன்றைக்கு முழுதும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுதான் எதிரி. ஓட்டில் வெயில் படாவிட்டால் வீட்டில் வெக்கை இல்லை. கும்பப்பூ அறுவடை முடிந்து ஊரெல்லாம் வைக்கோல் குவிந்து கிடந்தது. வண்டி வண்டியாக வந்து இறங்கியது. ஏணி வைத்து ஏற்றி, கூரையே தெரியாதபடி திண்டு திண்டாகப் பரப்பி, கயிறு போட்டுக் கட்டினார். பிறகு, “வெள்ளம் கோரும் சாரே, கோரி மேல தாரும்!” என்றார். நான் கிணற்றில் இறைத்தேன். அவர் கூரை உச்சியில் உட்கார்ந்து யானையைக் குளிப்பாட்டுவதுபோல வீட்டைக் குளிப்பாட்டினார்.

அத்தை கீழே நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “வைக்கோலை நனைச்சா...”

“கோவப்படாத, கோவப்படாத! சூடேறும்!” என்றார் மேலேயிருந்து.

அத்தை உள்ளே போய்விட்டாள்.

அன்று பிற்பகல் வீடு குகைபோலக் குளிர்ந்தது என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். ஓவர்சியருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மறுநாள் பங்குனி உச்சிவெயிலில் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டுவதுபோல நடித்துக்கொண்டு தெருவில் உலா போனார். “தாங்க முடியல கேட்டியளா, ஒரே குளிரு. அதான் கொஞ்சம் வெயில் காய வந்தேன்” என்றார். டீக்கடையில் கட்டன்சாயா இரண்டு கேட்டார், விரல்களுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பார்த்தால் கூரையிலிருந்து புகை.

“ஓவர்சியர் வீட்டில தீ!” என்று டீக்கடைக்காரர் கத்தினார். தெருவே குடமும் வாளியுமாக ஓடிவந்தது. ஓவர்சியர் ஏணியில் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்தார்.

“தீயில்லவே! மஞ்சாக்கும்! மலைப்பங்களாவில மஞ்சு இறங்காம பின்ன என்ன இறங்கும்?”

மூடுபனியாவது ஒன்றாவது. நனைந்த வைக்கோல் உள்ளுக்குள் புழுங்கி வெந்துகொண்டிருந்தது. தெருக்காரர்கள் தீயென்று நினைத்து ஊற்றிய தண்ணீரையும் அது ஆசையோடு குடித்து, இன்னும் நன்றாக வெந்தது. ஓட்டு இடுக்கு வழியாக ஆவி இறங்கியது. என் முறியில் சோப்பு இளகியது. சுவரில் இருந்த பல்லி இடம்பெயர்ந்து எதிர்வீட்டுக்குப் போயிற்று.

உச்சிக்குச் சம்பந்தி வந்தார். பெரிய சரீரம். ஓவர்சியரின் கணக்குப்படி மூன்று அடுப்பு. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாழிகை ஆகவில்லை, உட்கார்ந்த மாத்திரத்தில் துவர்த்து நனைந்தது. பிழிந்தார். மறுபடி நனைந்தது.

“ஓவர்சியரே, இது வீடா, புட்டுக்குடமா?”

“சம்பந்தி, கோவப்படாதேயும். சூடேறும்.”

“நான் வெந்துட்டேன்வே! இனி தேங்காப்பூ போட்டு எறக்க வேண்டியதுதான்! எம் மருமக இந்த வாசலை மிதிக்க மாட்டா!” என்று எழுந்தவர், வேட்டி நாற்காலியோடு ஒட்டிக்கொண்டதால் நாற்காலியோடு இரண்டடி நடந்து, அப்புறம் தனியாகப் போனார்.

ஓவர்சியர் அத்தையைப் பார்த்தார். அவள் அமைதியாகச் சொன்னாள்.

“நனைஞ்ச வைக்கோலு உள்ளுக்குள்ள வேவும். எங்க வீட்டுப் பசுமாட்டுக்குக்கூட அது தெரியும். சொல்ல வந்தேன். கோவப்படாதேன்னு சொல்லிட்டிய. நான் கோவப்படல.” அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மறுநாள் விடிந்தபோது ஓவர்சியர் வீட்டில் இல்லை. சாக்கு கொடியில் காய்ந்து கிடந்தது. உச்சியாயிற்று, சாய்ந்தது, ஆளைக் காணோம். “மனுசன் எங்கயாவது தலைசுத்தி விழுந்துட்டாவளோ, பாத்துட்டு வாரும் சாரே” என்று அத்தை என்னைப் பஸ் நிறுத்தத்துக்கு விரட்டினாள்.

நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. பின்வாசலில் முதலில் ஒரு மரப்பெட்டி இறங்கியது. அதைக் கட்டிப்பிடித்தபடி ஓவர்சியர் இறங்கினார். பெட்டியின்மேல் மூன்று இதழ் விசிறியின் படம். என்னைப் பார்த்ததும் அந்தப் படத்தை உள்ளங்கையால் மறைத்தார்.

அதே பஸ்ஸின் முன்வாசலில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பகவதி இறங்கினாள்.

“அப்பா! நீங்க எப்ப இந்த பஸ்ஸில ஏறினிய?”

“நீ எப்பட்டி ஏறின?”

அப்போது பெட்டிக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை இறங்கினார், தலையில் டிரங்குப் பெட்டியோடு. வழி நெடுக மாமனாருக்கு அடுத்த சீட்டில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறார். நடுவில் ஃபேன் பெட்டி இருந்ததால் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“மாமா கோவமா வந்து சொன்னாவ, உங்க வீட்டில ஆவி பறக்குன்னு,” என்றாள் பகவதி. “ஃபேனுக்குக் கீழ கெடந்து எனக்குத் தலைவலிதான் மிச்சம். வெந்தாலும் எங்கம்மைக்குப் பக்கத்தில வேவேன்னு சொல்லிட்டுப் பொறப்பட்டுட்டேன். எங்கப்பா இன்னும் நாலு நாளில வேற ஏதாவது கண்டுபிடிப்பாவன்னும் சொன்னேன். அதென்ன கையில?”

“ஒண்ணுமில்ல மக்கா. சும்மா, ஒரு சாமான்.”

அவர் கண் நனைந்திருந்தது. வேர்வை என்றார். அன்றைக்கு வேர்வை என்று அவர் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

வெயில் மேற்கே சாய்ந்து தெருவை நீளவாக்கில் எரித்துக்கொண்டிருந்தது. ஓவர்சியர் துவர்த்தைச் சும்மாடு கட்டி, ஃபேன் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டார். பிறகு அவர் நடந்த நடையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தார். இரண்டடி முன்னால் போனார், ஓரடி பின்னால் வந்தார். தெரு வளைந்தபோது சட்டென்று மகளைச் சுற்றி மறுபக்கம் ஓடினார். டீக்கடை முழுதும் எழுந்து நின்று சிரித்தது.

“அப்பா, நேரா நடங்கப்பா! எல்லாரும் பாக்காவ!”

நேராக நடக்க அவருக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் நிழல் வீட்டு வாசல் வரை பகவதியை விட்டு விலகவில்லை. அவள்மேல் ஒரு துண்டு வெயில் விழவில்லை.