எலுமிச்சை பாய் திறந்த கதவு

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன்: கொல்லிமலைக்கு ஏறி வந்தவர்களில் எலுமிச்சை பாய் மாதிரி பஸ்ஸுக்குப் பயந்தவரும் இல்லை, மிஷினுக்கு மரியாதை கொடுத்தவரும் இல்லை.

அடிவாரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கொண்டை ஊசி வளைவு ஆரம்பித்தாலே குமட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்தியபடியே எங்கள் ஊரான அரியூர் நாட்டுக்கு வருவார். இறங்கும்போது பழம் வாடியிருக்கும். அவர் அதைவிட வாடியிருப்பார்.

அவரை வரவழைத்தது பூனாவில் இருக்கும் என் மகன் செல்வம். வீட்டுக்கு ஒன்று, மாட்டுக் கொட்டாய்க்கு ஒன்று என்று இரண்டு கேமரா அனுப்பினான். "அம்மா, தெனமும் சாயங்காலம் உன் மூஞ்சி எனக்குத் தெரியோணும். இல்லீன்னா மாட்டை வித்துப்போட்டு இங்க வந்துரு" என்றுவிட்டான். பூனாவில் நாலாவது மாடி. எனக்குக் கீழே பார்த்தாலே தலை சுற்றும்.

பாய், வீட்டுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ரூட்டர் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு, "உத்தரவு குடுங்க, உள்ள வாரேனுங்க" என்று அதனிடம் கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறந்தார்.

"ஏனுங்கக்கா, வெளிய இருந்து வர்றவங்களுக்கு இந்தப் பொட்டி எல்லாக் கதவையும் சாத்தியே வெச்சிருக்கும். உள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் இது ஒரு நம்பர் குடுக்கும், உங்க வீட்டுக் கேமரா ரெண்டு. நாம ஒரு கதவைத் தொறந்து, 'இதுல வர்றவரை ரெண்டாம் நம்பர் கேமராகிட்டக் கூட்டிட்டுப் போ'ன்னு எழுதி வெக்கறோம். போர்ட் ஃபார்வேர்டிங்னு பேருங்க. மொதல்ல உங்களுக்கு, மாட்டுக்கு அப்பறம் பாத்துக்கலாம்."

"திருடன் வந்தா?"

"பாஸ்வேர்டு கேக்குமுங்க. உங்க மூஞ்சியைப் பாத்துத் திருடன் என்ன பண்ணப்போறான்?"

செல்வத்துக்கு நான் தெரிந்தேன். இரண்டு நாள் நிம்மதி.

பிறகு இடி இடித்தது. மலையில் இடி கேட்டால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவோம். மழை விட்டதும் வழக்கம்போல முதலில் கொட்டாயில் பிளக்கைப் போட்டேன், பிறகு வீட்டில். செல்வம் போனில் கத்தினான்.

"அம்மா, மாடு அசை போடுது! நீ எங்க?"

"இங்கதான் கண்ணு நிக்கறேன்!"

பாய் வந்து சரிசெய்தார். மறுபடி இடி, மறுபடி மாடு. "ஞாயித்துக்கெழமை வாடகைக் கார் பிடிச்சுட்டு வாரேன், மூட்டையைக் கட்டு" என்றான் மகன்.

சனிக்கிழமை வந்த பாய்க்கு முகமெல்லாம் கோபம். "டீ குடிக்க எறங்குனேனுங்க. ஜன்னல் சீட்டுல துண்டு போட மறந்துட்டேன். எவனோ முந்தி ஏறி உக்காந்துட்டான்! நடுவுல உக்காந்து, பாவம், முன் சீட்டுக்காரர் சட்டை மேலயே..."

சட்டென்று நிறுத்தி ரூட்டரைப் பார்த்தார்.

"அக்கா, மழை விட்டதும் மொதல்ல எதுக்குங்க பிளக்குப் போடுவீங்க?"

"மாட்டுக்குத்தான். அதுக்குத்தானே மொத வெளக்கு?"

"அதேதானுங்க! முந்தி ஏறுனது ரெண்டாம் நம்பர்ல உக்காந்துக்குது. உங்க கேமராவுக்கு நான் துண்டே போடலீங்க!"

ரூட்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்த நம்பர் வீட்டுக் கேமராவுக்கு மட்டுந்தான் என்று உள்ளே எழுதி வைத்தார். எல்லாவற்றையும் பிடுங்கி, வேண்டுமென்றே மாட்டுக்கு முதலில் போட்டோம். போன் அடித்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அம்மா... ஏம்மா அழுவறே? தெரியுதும்மா. காரு வேண்டாம்னு சொல்லிடறேன்."

பாய் எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் கண் கலங்கியது கேமராவில் விழக் கூடாதாம்.

நான் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறேன். அவர் திறந்த கதவின் நம்பர் எண்பதா, எட்டாயிரத்து எண்பதா என்று நினைவில்லை. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். பாயைப் பற்றிச் சொன்னதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.