தகரத்தார் வெட்டிய கூரை

ஜெர்மனிக்கு வந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று வந்தவர்கள். இருந்த நல்ல கூரையை வெட்டிக் குறைத்து, அதற்காக ஊரிடம் பாராட்டும் வாங்கிய ஒரே மனிதர் தகரத்தார்தான். வேறொருவர் இருந்தால் வாசகர்கள் எழுதலாம். இருக்கமாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஊரான கெல்சென்கிர்ச்சனில் யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டுக்குப் போனால் அழைப்பு மணியை அடிக்கும் முன் வாசலில் நிற்கும் காரை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். தகரம் நல்லது, அல்லது தகரம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார். அப்படி வந்த பெயர். பாண் சுடும் தொழிற்சாலையில் அதிகாலை வேலை. கல்யாணம் செய்யவில்லை. ஏனென்று கேட்டவர்களிடம் கராஜில் இடமில்லை என்றார்.

எங்கள் தெரு சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய பழைய தெரு. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கராஜ். அவர் வீடு என் வீட்டுக்கு வலப்பக்கம். இடப்பக்கத்தில் ஒரு ஜெர்மன் கிழவரும் மனைவியும். நடுவில் நான்: யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து, இங்கே ஒரு களஞ்சியத்தில் ஆணியும் நட்டும் எண்ணி ஓய்வு பெற்றவன். எண்ணுவது எனக்குப் பழக்கமல்ல, மருந்தில்லாத ஒரு வருத்தம்.

என்னிடம் கடும்நீலத்தில் உயரமான நாலு கதவுக் கார் ஒன்று இருந்தது. அந்த வட்டாரத்தில் இருபத்திமூன்று மாப்பிள்ளைகள் தாலி கட்டப் போனது அந்தக் காரில். ஓட்டியது நான். கல்யாண நாள் குறித்ததும் மண்டபத்துக்கு அடுத்தபடி மாஸ்டரின் காரைத்தான் கேட்பார்கள். ஒரு மனிதனுக்கு அந்நிய நாட்டில் இவ்வளவு மரியாதை போதும். எனக்குப் போதுமாக இருந்தது, தகரத்தார் அந்தக் கூப்பேயை இழுத்து வரும்வரை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். பீலெஃபெல்ட் பக்கத்தில் ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டிலிலிருந்து அதை வாங்கி வந்தார். ஐம்பதுகளில் செய்த இரண்டு கதவுக் கார், கூப்பே என்பார்கள். துரு பிடித்த இடத்தை எண்ணத் தொடங்கி, துரு பிடிக்காத இடத்தை எண்ணுவது சுகம் என்று கண்டுகொண்டேன். பின் இருக்கையில் கோழி முட்டை வேறு. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

தகரத்தார் காரைச் சுற்றி வந்து, தூரத்தில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"மாஸ்டர், இதுக்குத் தலை பெரிசு. கொஞ்சம் குறைக்கவேணும்."

"எவ்வளவு?"

"நாலு விரல்."

"ஆற்ற விரல்?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், தன்னுடையதுதான் என்று முடிவு செய்தார். நான் அளவுகோல் எடுத்து வந்தேன். ஒன்பது சென்ரிமீற்றர் வந்தது. போதாது போலிருக்கிறது என்று பெருவிரலையும் சேர்த்துக்கொண்டார். பதினொன்று. இப்படித்தான் ஒரு காரின் தலையெழுத்து எழுதப்பட்டது.

கூரையை வெட்டினால் வண்டியின் உடம்பு வளைந்து கதவு மூடாமல் போய்விடும். அதனால் முதலில் உள்ளே குறுக்குக் குழாய்கள் வைத்து இறுக்கவேண்டும். அவர் தன்னுடைய இரும்புக் கட்டிலை அறுத்துக் குழாய் எடுத்தார். பிறகு கனகாலம் மெத்தையை நிலத்தில் போட்டுப் படுத்தார். கூரையைத் தாங்கும் தூண்களை வெட்டிய நாளில் தெரு முழுவதும் பல்லுக்குள் கூசியது. மத்தியான ஓய்வு நேரத்தில் சத்தம் போடுவது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய குற்றம் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஜெர்மன் கிழவர் வீட்டுச் செருப்போடு வெளியே வந்து கராஜை நோக்கி நடந்தார். நான் குசினி ஜன்னலில் கோப்பித் தண்ணியோடு வசதியாக நின்றுகொண்டேன்.

கோப்பி ஆறும்வரை ஒன்றும் நடக்கவில்லை. எட்டிப் பார்த்தால் கிழவர் ஒரு பெட்டியில் குந்தியிருந்து தகரத்தாருக்கு விளக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை கிழவரின் மனைவி கராஜுக்குப் பிளம்ஸ் கேக் கொண்டுபோனார். பதினாறு வருஷம் அவர்களுக்குப் பக்கத்தில் வாழ்ந்தேன். வந்தது காலை வணக்கமும், ஒருமுறை என் குப்பைத் தொட்டியின் மூடி சரியாக மூடவில்லை என்ற புகாரும்தான். அந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எனக்கு மணம் மட்டும் தெரியும். கேக்குக்குப் பதில் மரியாதையாக என் மனுசி வடை சுட்டாள். அதுவும் கராஜுக்குத்தான் போனது.

வெட்டிய கூரையை இறக்கி வைத்தபோது முன்பக்கம் பொருந்தியது, பின்பக்கம் ஒரு சாண் எட்டாமல் நின்றது. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. ஒரு வாளியை எடுத்துப்போய்க் கவிழ்த்துக் காட்டினேன். தூண்கள் சரிந்து நிற்கின்றன, கீழே வர வர வாய் அகலும், வாளியின் நடுவில் ஒரு வளையத்தை வெட்டி எடுத்தால் மேல்துண்டு கீழ்த்துண்டில் எப்படிப் பொருந்தும் என்று விளங்கப்படுத்தினேன். கணிதம் படிப்பித்த காலத்தில்கூட இவ்வளவு மகிழ்ச்சியாகப் படிப்பித்ததில்லை.

"ஓம் மாஸ்டர், நீங்கள் சொல்லுறது சரி" என்றார் தகரத்தார். "ஆனால் வெட்டினாப் பிறகு சொல்லுறியள்."

கிழவரும் அவரும் பல வாரம் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தகரத்தார் கூரையையே குறுக்கே இரண்டாக வெட்டி, யாரோ தெருவில் எறிந்த உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் பக்கத் தகட்டை நடுவில் வைத்து ஒட்டினார். இனிக் கார் ஓடாது, சுத்தும் என்று நான் பகிடி விட்டேன். தெருவில் எல்லாரும் சிரித்தார்கள்; சிரித்துவிட்டு ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்க்கக் கராஜுக்குப் போனார்கள்.

என் கடைசி நம்பிக்கை வாகனப் பரிசோதகர். இப்படி உருமாற்றிய காரைத் தெருவில் விட அவருடைய கையெழுத்து வேண்டும். முதல்முறை வந்து தலையாட்டிவிட்டுப் போனார். தூண்களுக்கு மேலும் பலம் வேண்டும் என்றார். தகரத்தார் பலம் கொடுத்தார். மறுபடி வந்தவர் குனிந்து, படுத்து, தட்டிப் பார்த்து, முத்திரை குத்திவிட்டுக் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அதே மாதம் என் காரை ஒரு சின்ன மின்குமிழ் எரியவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

கத்தரிப்பூ நிறத்தில் பூசிய பிறகு, உண்மையைச் சொல்லவேண்டும், அந்தக் கார் அழகாகத்தான் இருந்தது. நிற்கும்போதே போவது போல இருக்கும். என் கார் போகும்போதும் நிற்பது போல இருக்கும்.

முதலில் அதைக் கேட்டது மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று. மாப்பிள்ளை கோட் சூட்டோடு தேவாலய வாசலில் இறங்க, வழியில் போன ஜெர்மன்காரர்கள் கைதட்டினார்களாம். பிறகு இன்னொரு தேவாலயக் கல்யாணம். என் கணக்கு இருபத்திமூன்றில் நின்றது. இருபத்திநாலாவது என் மகன் நிமலன். சொந்த மகனை நானே என் காரில் கொண்டுபோய் இறக்குவது என்று அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே முடிவு செய்து வைத்திருந்தேன்.

"அப்பா, நான் தகரம் மாமான்ர காரில போறன்" என்றான் நிமலன்.

"அப்ப என்ர கார்?"

"அதில வாழைப்பழப் பெட்டியும் மாமியாக்களும் வரட்டும். நல்ல இடம் இருக்குத்தானே."

தகரத்தார் வேலைக்குப் போன நேரம் கூப்பேயின் உட்பக்கத்தை அளந்தேன். இருக்கையிலிருந்து கூரைக்கு எண்பத்தெட்டு. நிலத்திலிருந்து இருக்கையின் உயரம் இருபத்தாறு. பிறகு நிமலன் சோபாவில் இருந்து தொலைக்காட்சி பார்க்கையில், முதுகுவலி வராமல் இருக்கிற முறையைச் சொல்லித் தருகிறேன் என்று அவனையும் அளந்தேன். எண்பத்தைந்து. இடித்துவிடும் என்று நம்பியிருந்தேன். கொள்ளுவான். மூன்று சென்ரிமீற்றர் மிச்சம். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்யாண நாள் காலை அறுகும் பாலும் வைத்து, குளிக்கவார்த்து, பட்டு வேட்டி உடுத்தி, தாய்மாமன் தலைப்பாகையை எடுத்து நிமலனின் தலையில் வைத்தார். லண்டன் மாமி கொண்டுவந்த தலைப்பாகை. மேலே விசிறி, பக்கத்தில் குஞ்சம், ஒரு சின்னக் கோபுரம். பெண்வீட்டிலிருந்து வந்த மாப்பிள்ளைத் தோழனுக்கும் சற்றே சின்னதாய் ஒன்று. எல்லாரும் வாசலுக்கு வந்தோம். தகரத்தார் வெள்ளை வேட்டியோடு கூப்பேயின் கதவைத் திறந்து பிடித்தார். வீடியோக்காரர் விளக்கைப் போட்டார். நிமலன் குனிந்தான். டொக்கென்று ஒரு சத்தம்.

இன்னும் ஒருக்கா, சிரித்துக்கொண்டு ஏறச் சொன்னார் வீடியோக்காரர். நிமலன் சிரித்துக்கொண்டு ஏறினான். மறுபடி டொக்.

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. தேவாலயத்துக்குப் போன இரண்டு மாப்பிள்ளைகளும் தலைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு போனவர்கள். தலைப்பாகையைத் தகரத்தார் நினைக்கவில்லை, நிமலன் நினைக்கவில்லை, எல்லாவற்றையும் எண்ணுகிற நானும் எண்ணவில்லை.

கழற்றிவிட்டு ஏறலாமே என்று யாரோ சொன்னார்கள். "வைச்ச தலைப்பாவைத் தாலி கட்டுமட்டும் கழட்டப்படாது" என்றார் லண்டன் மாமி. ஹாண்டியில் கூப்பிட்டு மண்டபத்தில் நின்ற ஐயரைக் கேட்டார்கள். அவரும் அதையே சொல்லி, முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்குகிறது என்றும் சேர்த்துச் சொன்னார். வாசலில் நின்ற கண்கள் எல்லாம் தெருமுனையில் வாழைப்பழப் பெட்டியோடு நின்ற என் காருக்குத் திரும்பின.

"அப்பா, உங்கட காரை எடுங்கோ" என்றான் நிமலன்.

நான் ஆசைப்பட்ட வசனம். சாவி என் கையில் ஏற்கனவே இருந்தது.

தகரத்தார் கூப்பேயின் முன்னால் கட்டியிருந்த பூமாலையை நூல் அறாமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார். அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என் காருக்குப் போய், பழக்கதோஷத்தில் பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தகரம் நல்லது மாஸ்டர்" என்றார். "முன்னுக்குக் கொண்டுவாங்கோ, நான் கட்டி விடுறன்."

அவர் முகம் வாடியதைப் பார்க்க எத்தனை நாள் காத்திருந்தேன். பார்த்தபோது எனக்குத் தாங்க ஏலவில்லை.

"உம்மட முன் இருக்கைக்கு எத்தினை ஆணி?" என்று கேட்டேன்.

"நாலு."

"கழட்டும்."

"பிள்ளையை நிலத்தில இருத்துறதோ?"

"எண்பத்தெட்டும் இருபத்தாறும் நூற்றுப்பதினாலு. பெடியன் எண்பத்தைந்து, தலைப்பா ஒரு பத்தொன்பது. எங்கட சோபாக் குசன் எட்டு. அதை வைச்சாலும் ரண்டு மிஞ்சும்."

தகரத்தார் மாலையோடு நின்று என்னைப் பார்த்தார். "எப்ப மாஸ்டர் அளந்தனீங்கள்?"

நேரமாகிறது என்று சொல்லி அவரைத் துரத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் உள்ளே புக, வேலிக்கு மேலால் கிழவர் ஆணி கழற்றும் சாவிக்கட்டை நீட்ட, மனுசி குசனுக்கு ஓடினாள். இருக்கை வெளியே வந்தது. நிமலன் சக்கரவர்த்தி போல நிலத்தில் அமர்ந்தான். தோழன் பின்னால் வளைந்து படுத்தான். இருக்கைப் பட்டியில்லாத காலத்துக் கார், தரையில் மாப்பிள்ளை, பொலிஸ் மறித்தால் என்ன சொல்வது என்று எனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

தகரத்தார் கூப்பேயை ஓட்ட, நான் மாமிமாரையும் வாழைப்பழத்தையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். கூப்பேயின் பின் ஜன்னலில் நிமலனைக் காணவில்லை. தலைப்பாகை மட்டும் தனியாகக் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ட்ராம் தரிப்பிடத்தில் நின்ற சனம் முழுவதும் அதோடு சேர்ந்து கழுத்தைத் திருப்பியது. "பெடியன் உள்ளுக்கு இருக்கிறானோ?" என்று லண்டன் மாமி இரண்டுதரம் கேட்டார்.

மண்டப வாசலில் பெண்வீட்டார் ஆலாத்தித் தட்டோடு நின்றார்கள். நாதஸ்வரம் தொடங்கியது. கதவு திறந்தது. மாப்பிள்ளை இறங்கவில்லை. சம்மணம் கட்டி இருந்ததில் இரண்டு காலும் விறைத்துவிட்டன. தோழன் உதவலாம் என்றால் அவனையே ஒருவர் எடுக்கவேண்டியிருந்தது. வீடியோக்காரர் ஓடிவந்தார். தகரத்தார் தன் உள்ளங்கையை அவருடைய கமராவின் முன்னால் வைத்தார்.

"கொஞ்சம் பொறும். தகப்பன் வரட்டும்."

நான் வாழைப்பழப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அதை யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

"மாஸ்டர், நீங்கள் பிடிச்சால்தான் பிள்ளை எழும்புவான்."

குனிந்து இரண்டு கையையும் கொடுத்தேன். நிமலன் பிடித்துக்கொண்டான். மெல்ல இழுக்க, மகன் முழுப் பாரத்தோடும் என் நெஞ்சில் வந்து சாய்ந்து, கால் விறைப்பு எடுபடும்வரை அப்படியே நின்றான். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள், எண்ணவில்லை. என் காரில் வந்திருந்தால் கதவைத் திறந்துவிட்டிருப்பேன், அவன் தானாக இறங்கிப் போயிருப்பான்.

தகரத்தார் பிறகு தமக்கையோடு இருக்கக் கனடாவுக்குப் போய்விட்டார். போகும்போது கூப்பேயைக் கிழவரிடம் கொடுத்தார். எனக்கு ஏன் தரவில்லை என்ற கோபம் இன்னும் இருக்கிறது.

கல்யாண வீடியோவை மனுசி அடிக்கடி போடுவாள். நான் மகனைத் தூக்குகிற இடம் வந்ததும் அவள் மகனைப் பார்த்துக் கண் துடைப்பாள். நான் பார்ப்பது எங்களுக்குப் பின்னால் நிற்கிற தகரத்தாரை. கமரா தன் பக்கம் இருப்பதே தெரியாமல், குஞ்சம் இடித்துவிடக்கூடாது என்று தலைப்பாகைக்கும் கூரைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.